பாஸ்டன் நகரின் ஜீவகாருண்யக் கல்வி, 1864–1915: ஒரு நிகழ்வு ஆய்வு

விலங்குக் காப்பகங்கள் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பு எடுப்பதும், மாணவர்களைக் காப்பகத்துக்கு அழைத்து வருவதும், சுற்றுவட்டாரத்து மக்களின் விலங்குகளுக்குக் குறைந்த செலவில் சிகிச்சை அளிப்பதும் இன்று பல நாடுகளில் காணப்படும் பணிகள். இவற்றுள் முதல் இரண்டைக் கல்வி என்றும் மூன்றாவதை மக்கள் சேவை என்றும் பிரித்து, தனித்தனி ஆட்களிடம் ஒப்படைத்து, தனித்தனியாகக் கணக்கு எழுதும் வழக்கமும் உண்டு. இந்தப் பிரிவினை நிர்வாகத்துக்கு வசதியானது. ஆனால் கற்பித்தது மனிதரின் நடத்தையில் தங்க வேண்டுமானால் அது உதவுமா என்பதைத்தான் இங்கே ஆராய்கிறேன். அதற்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் 1864 முதல் 1915 வரை நடந்த பணி. அமெரிக்காவில் ஜீவகாருண்யக் கல்வி ஓர் இயக்கமாக உருவெடுத்தது அங்கேதான். அதன் வெற்றிகளும் குறைகளும் இன்றைய காப்பகங்களுக்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

உயிலும் பந்தயமும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ஆம் ஆண்டில், ஜார்ஜ் தார்ன்டைக் ஏஞ்செல் என்ற பாஸ்டன் வழக்கறிஞர் ஓர் உயில் எழுதினார். வீட்டு விலங்குகளிடம் மனிதருக்குள்ள கடமையைச் சிறுவர் மனத்தில் பதியவைக்கும் நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் பள்ளிகளிலும் ஞாயிறு வகுப்புகளிலும் பரப்புவதற்குத் தம் சொத்தில் பெரும்பகுதி செலவிடப்பட வேண்டும் என்று அதில் குறித்திருந்தார். அமெரிக்காவின் முதல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை ஹென்றி பெர்க் நியூயார்க்கில் தொடங்கியது 1866-இல்தான். ஆகவே சங்கமோ அதற்குரிய அதிகாரமோ உருவாகும் முன்பே, பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு ஏஞ்செல் வந்திருந்தார் என்பது தெளிவு. அடிமை முறைக்கு எதிராகப் போராடிய வழக்கறிஞர் ஒருவருடன் கூட்டாகப் பல ஆண்டுகள் தொழில் நடத்தியவர் அவர். ஒரு கொடுமை சட்டத்தின் துணையோடும் பழக்கத்தின் துணையோடும் எப்படி நிலைத்து நிற்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது.

1868 பிப்ரவரியில் பாஸ்டனை அடுத்த பிரைட்டனிலிருந்து உஸ்டர் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. கரடுமுரடான சாலையில், ஒவ்வொன்றும் இரண்டு ஆட்களின் பாரத்தோடு ஓட்டப்பட்ட இரண்டு குதிரைகளும் இறந்தன. இதைக் கண்டித்தும், ஒத்த கருத்துடையோர் தம்மோடு சேர வேண்டுமென்று அழைத்தும் ஏஞ்செல் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். எமிலி ஆப்பிள்டன் என்ற பெண்மணி ஏற்கெனவே இதே நோக்கத்தோடு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். இருவர் முயற்சியும் இணைந்து, மார்ச் மாதத்தில் மாசசூசெட்ஸ் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் உருவாயிற்று. மாநிலத்தின் விலங்குவதைச் சட்டமும் அதே ஆண்டில் திருத்தி வலுப்படுத்தப்பட்டது.

சங்கத்தின் முதல் பெரிய செயல் ஒரு வழக்காக இல்லாமல் ஒரு பத்திரிகையாக இருந்தது. 1868 ஜூனில் வெளிவந்த அதன் முதல் இதழ் 2,00,000 பிரதிகள் அச்சிடப்பட்டது. பாஸ்டன் காவலர்கள் அதை வீடுகளுக்கு எடுத்துச் சென்று கொடுத்தார்கள். காவலர் ஒருவர் கதவைத் தட்டி, குதிரையை எப்படி நடத்த வேண்டும் என்று விளக்கும் தாளைத் தருகிறார் என்றால், அதே காவலருக்கு அதே குதிரையின் பொருட்டு வழக்குப் பதியும் அதிகாரமும் உண்டு என்பது வாங்குபவருக்குத் தெரிந்தே இருக்கும். எச்சரிக்கையும் அறிவுரையும் ஒரே கையிலிருந்து வந்தன. சட்டம் இல்லாத அறிவுரை காற்றோடு போயிருக்கும். அறிவுரை இல்லாத சட்டம் வண்டியோட்டிகளுக்கு வெறும் தொல்லையாகத் தோன்றியிருக்கும்.

கருணைக் குழுக்கள்

பிள்ளைகளுக்கான அமைப்பு வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. கேத்தரின் ஸ்மிதீஸ் என்ற பெண்மணி 1875-இல் அங்கே தொடங்கிய ‘பேண்ட் ஆஃப் மெர்சி’ குழுக்களைத் தாமஸ் டிமின்ஸ் என்ற மதகுருவின் துணையோடு ஏஞ்செல் 1882-இல் பாஸ்டனில் தொடங்கினார். கருணைக் குழு என்று நாம் அழைக்கக்கூடிய இந்த அமைப்பில் சேரக் கட்டணம் இல்லை. உயிர்களிடம் அன்பாக இருக்கவும், அவற்றைக் கொடுமையிலிருந்து காக்கவும் முயல்வேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டால் போதும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் இருப்பார்கள்; போதிய உறுப்பினர்கள் சேர்ந்தவுடன் பத்திரிகையும் பாடல் புத்தகமும் தலைமையகத்திலிருந்து இலவசமாக வந்துசேரும்.

இந்தக் குழுக்களின் கூட்டங்களுக்கென்று பரிந்துரைக்கப்பட்ட நிகழ்ச்சி நிரலை நான் இந்த ஆய்வின் முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். பாடல், உறுதிமொழி, சென்ற கூட்டத்தின் அறிக்கை, வாசிப்பு, ஒப்பித்தல், சிறு உரை என்று அந்தக் காலத்துப் பள்ளிக் கூட்டங்களுக்கே உரிய வரிசையில்தான் அது செல்கிறது. ஆனால் உரைக்குப் பிறகு ஒரு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. மனிதரையும் வாயில்லா உயிர்களையும் மகிழ்விக்கத் தாங்கள் என்ன செய்தார்கள் என்பதை உறுப்பினர்கள் எழுந்து சொல்வதற்கான நேரம் அது. பிள்ளை தான் கேட்டதை மட்டுமல்லாமல் செய்ததையும் தன் வயதுடையோர் முன் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்ல ஏதாவது வேண்டுமே என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகும் சிறுவன் வழியில் காணும் பூனையையும் குதிரையையும் வேறு கண்ணோடு பார்ப்பான். மனிதரும் விலங்கும் ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றதும் தற்செயலானதன்று. விலங்கிடம் காட்டும் பரிவு மனிதரிடமும் பரவும் என்பதே ஏஞ்செலின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கையை முறையாகச் சோதித்துப் பார்க்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1889-இல் கல்விப் பணிக்கென்றே அமெரிக்க ஜீவகாருண்யக் கல்விச் சங்கம் என்ற துணை அமைப்பை ஏஞ்செல் நிறுவினார். ஒரு குதிரை தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக இங்கிலாந்தில் 1877-இல் வெளியாகியிருந்த ‘பிளாக் பியூட்டி’ நாவலை, அந்த அமைப்பின் வழியாக 1890-இல் மலிவுப் பதிப்பாக அச்சிட்டுப் பெருந்தொகையில் பரப்பினார். குதிரையின் தலை எப்போதும் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக வாரை இறுக்கி இழுத்துக் கட்டும் வழக்கம் அப்போது செல்வர் வீட்டு வண்டிகளில் பரவலாக இருந்தது. அதனால் குதிரைக்கு ஏற்படும் வலியை அந்நூல் விரிவாகச் சொல்கிறது. கொடுமை என்று எவரும் நினைத்திராத ஒன்றைக் கொடுமை என்று காட்டியதோடு, அந்த வாரைத் தளர்த்துவது என்ற, காசு செலவில்லாமல் அன்றைக்கே செய்யக்கூடிய ஒரு செயலையும் அது வாசகர் கையில் கொடுத்தது. இதையும் நான் கூட்ட நிரலின் அந்த நேரத்தோடு சேர்த்தே பார்க்கிறேன்.

வண்டியோட்டிகளும் ஏழை வீடுகளும்

அடைக்கலம் தரும் காப்பகம் என்ற வகையில் அமெரிக்காவில் முன்னோடி பிலடெல்பியா. கேரலைன் எர்ல் வைட் தலைமையில் 1869-இல் அமைந்த, பென்சில்வேனியா மாநில விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் பெண்கள் கிளை, தெருநாய்களைப் பிடித்துக் கொடூரமாகக் கொல்லும் நகராட்சி முறைக்கு மாற்றாக ஓர் அடைக்கல இல்லத்தை நடத்திக் காட்டியது. பாஸ்டனில் அத்தகைய இல்லம் வர 1899 ஆயிற்று. பத்திரிகைகளில் எழுதிவந்த அன்னா ஹாரிஸ் ஸ்மித், கைவிடப்பட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரு புகலிடம் வேண்டும் என்று கோரிக் கடிதம் எழுதி, ஆதரவு திரட்டி, பாஸ்டன் விலங்கு மீட்புக் கழகத்தை நிறுவினார். நகரின் ஏழைக் குடியிருப்புகளில் விலங்குகளைப் பெற்றுக்கொள்ளும் கிளை நிலையங்களைக் கழகம் திறந்தது. பணம் கொடுக்க இயலாதவர்களின் விலங்குகளுக்கும் சிகிச்சை அளித்தது. வேலைசெய்யும் குதிரைகளுக்குக் கோடையில் தண்ணீர் கொடுத்தது. கிறிஸ்துமஸ் நாட்களில் குதிரைகளுக்குத் தீனியும் ஓட்டுநர்களுக்குச் சூடான காபியும் வழங்கியது. குதிரைக்குத் தீனி கொடுத்துவிட்டு அதை ஓட்டுபவரைக் குளிரில் நிற்கவிடாத இந்த அணுகுமுறையை, நுணுக்கமாக எழுதப்பட்ட பாடத்திட்டங்கள் பலவற்றை விட மேலாக மதிக்கிறேன்.

ஏனெனில் பாஸ்டன் தெருக்களில் குதிரையை அடித்தவர்களுள் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர். கூலிக்கு வண்டி ஓட்டியவர்கள். எவ்வளவு பாரம் ஏற்ற வேண்டும், எத்தனை மணிக்குள் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர் முதலாளி. இந்த நிலையில் ஓட்டுநரை மட்டும் குற்றவாளியாக்கும் கல்வி அவரை எதிரியாக்கத்தான் செய்யும். 1903 முதல் பாஸ்டனில் நடந்த வேலைக் குதிரைகளின் அணிவகுப்பு இதற்கு மாறான பாதையில் சென்றது. லண்டனில் ஏற்கெனவே நடந்துவந்த இதே போன்ற அணிவகுப்பைப் பின்பற்றி ஹென்றி மெர்வின் இதைத் தொடங்கினார். வண்டியின் பகட்டுக்கு இங்கே மதிப்பில்லை. குதிரையின் உடல்நிலையே பார்க்கப்பட்டது. நெடுநாள் உழைத்து நன்றாகப் பேணப்பட்ட முதிய குதிரைகளுக்கென்று தனிப் பிரிவும் இருந்தது. பரிசை ஓட்டுநர் வாங்கினார். வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்த நிறுவனத்தின் பெயரை ஊரே பார்த்தது. ஆகவே நல்ல குதிரை முதலாளிக்கு விளம்பரமாகவும் ஓட்டுநருக்குப் பெருமையாகவும் ஆயிற்று. குற்றம் சாட்டப்படாத நிலையில் ஒருவர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்வது எளிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த நிகழ்வில் இல்லை.

ஏஞ்செல் 1909-இல் காலமானார். அவர் பெயரில் விலங்கு மருத்துவமனை 1915-இல் பாஸ்டனில் திறக்கப்பட்டது. ‘விலங்குகளிடம் அன்பாயிருப்போம்’ என்ற நாடு தழுவிய வாரம் அதே ஆண்டில் தொடங்கியது. இல்லினாய் மாநிலம் 1909-இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரமாவது விலங்குகளிடம் காட்ட வேண்டிய பரிவைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வேறு பல மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின.

கணக்கில் வராதவை

இந்த நிகழ்வின் வலுவற்ற பகுதியையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். ஏஞ்செலின் பத்திரிகை இதழுக்கு இதழ் புதிய கருணைக் குழுக்களின் பட்டியலையும் மொத்த எண்ணிக்கையையும் அச்சிட்டது. அந்த எண்ணிக்கை பல பத்தாயிரங்களை எட்டியது. ஆனால் அது தொடங்கப்பட்ட குழுக்களின் எண்ணிக்கை. ஓர் ஆண்டுக்குப் பிறகும் கூடிய குழுக்கள் எத்தனை என்பது அதில் இல்லை. உறுதிமொழி எடுத்த பிள்ளையின் நடத்தைக்கும் எடுக்காத பிள்ளையின் நடத்தைக்கும் வேறுபாடு இருந்ததா என்பதும் இல்லை. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாறிப்போனால் குழுவும் கலைந்துவிடக்கூடிய அமைப்பு அது. இருபதாம் நூற்றாண்டு வளர வளரக் குழுக்கள் மங்கிப்போயின. கட்டாயப் பாடச் சட்டங்கள் ஏட்டில் இருந்தும், கற்பிக்கும் பயிற்சியோ மேற்பார்வையோ இல்லாத இடங்களில் வகுப்பறையை எட்டவில்லை. இன்றும் பல காப்பகங்களின் ஆண்டறிக்கையில் எத்தனை பள்ளிகளுக்குச் சென்றோம், எத்தனை மாணவர்களைச் சந்தித்தோம் என்ற எண்கள் மட்டும் இருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பழைய பட்டியலின் குறை இன்னும் தொடர்வதாகவே தோன்றுகிறது.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. பாஸ்டன் கழகத்தின் கிளை நிலையங்களுக்குக் கைவிடப்பட்ட பூனைகளைத் தூக்கிவந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படி வந்துசேர்ந்த பூனைகளில் மிகப் பெரும்பாலானவை, வலியில்லாத முறை என்று அக்காலத்தில் நம்பப்பட்ட வழிகளில் கொல்லப்பட்டன. அதை மறைக்கவும் இல்லை. தெருவில் பசியாலும் நோயாலும் சாவதைவிட அது மேலானது என்று அந்தக் காலத்துக் காப்பகத்தார் உண்மையாகவே நம்பினார்கள். அவர்களைப் பழிப்பது நியாயமாகாது. குட்டிகள் பிறப்பதைத் தடுக்கும் கருத்தடை அறுவை சிகிச்சையைப் பெருந்தொகை விலங்குகளுக்குக் குறைந்த செலவில் செய்யும் ஏற்பாடு அப்போது எங்கும் இருக்கவில்லை. அமெரிக்காவில் நகராட்சி நிதியில் நடந்த முதல் குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனை லாஸ் ஏஞ்சலிசில் 1971-இல்தான் திறக்கப்பட்டது. 1970-களில் அந்நாட்டுக் காப்பகங்களில் ஆண்டுதோறும் கொல்லப்பட்ட நாய்கள், பூனைகளின் எண்ணிக்கை ஒரு கோடிக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. 2019-க்கான மதிப்பீடு ஏறத்தாழ 9.2 லட்சம். கருத்தடை, மக்களிடையே ஏற்பட்ட மனமாற்றம், தத்தெடுப்பு ஆகிய எல்லாம் சேர்ந்தே இந்தச் சரிவை உண்டாக்கின.

பாடத்தின் எல்லையைச் சேவையின் எல்லையே வகுத்தது என்பது இங்கே புலனாகிறது. 1905-இல் ஒரு பாஸ்டன் சிறுமியிடம் ‘பூனைக்குட்டிகளிடம் அன்பாக இரு’ என்று சொன்ன ஆசிரியரால், அந்தக் குட்டிகளை நிலையத்தில் ஒப்படைப்பதற்கு மேல் அவளுக்கு எந்த வழியையும் காட்ட முடியவில்லை. கருத்தடை வசதி வந்த பிறகு அதே பாடம் வேறொரு செயலைக் கேட்க முடிந்தது. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி கடினமானது: சுற்றுவட்டாரத்தில் குறைந்த செலவுச் சிகிச்சைக்கு வழி செய்யாத காப்பகம், ‘உங்கள் நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள், தடுப்பூசி போடுங்கள்’ என்று பள்ளியில் சொல்லும்போது, வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் மனத்தில் குற்ற உணர்வை மட்டுமே விட்டுச் செல்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தன் நாயின் மீது அன்பு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது மருத்துவரிடம் போகும் வழி.

பிற்கால ஆய்வுகள் சொல்வது

விலங்கிடம் காட்டும் பரிவு மனிதரிடமும் பரவும் என்ற ஏஞ்செலின் நம்பிக்கையைச் சோதித்த ஆய்வுகளில் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் அசியோன் 1992-இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. ஒரு கல்வியாண்டு முழுவதும் ஏறத்தாழ 40 மணி நேரம் ஜீவகாருண்யப் பாடம் பெற்ற தொடக்கப்பள்ளி மாணவர்களை, பெறாத மாணவர்களோடு அவர் ஒப்பிட்டார். நான்காம் வகுப்பு மாணவர்களிடம் விலங்குகள் குறித்த மனப்பான்மை மேம்பட்டிருந்ததோடு, மனிதர் மீதான பரிவும் கூடியிருந்தது. ஓராண்டு கழித்து நடத்திய தொடர் ஆய்வை 1996-இல் வெளியிட்டார்; அந்த வேறுபாடு அப்போதும் நிலைத்திருந்தது. ஆனால் அவருடைய மாணவர்கள் பெற்றது ஆண்டு முழுவதும் பரவிய 40 மணி நேரம் என்பதை மறந்துவிடலாகாது. ஒரு நாய்க்குட்டியோடு பள்ளிக்கு ஒரு முறை சென்று திரும்பும் நிகழ்ச்சிக்கு இந்த முடிவைச் சான்றாகக் காட்டுவது பிழை.

குறுகிய பாடத்தால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் எட்டுத் தொடக்கப்பள்ளிகளில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளிடையே நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்ற அரை மணிப் பாடம் பாதிப் பள்ளிகளில் நடத்தப்பட்டது. சில நாட்கள் கழித்து விளையாட்டு மைதானத்தில் ஒரு சாதுவான நாயைக் கட்டிவைத்துவிட்டு, பிள்ளைகள் அறியாதபடி அவர்கள் நடத்தை கவனிக்கப்பட்டது. பாடம் பெறாதவர்களில் 79 சதவீதத்தினர் தயக்கமின்றி நாயைத் தடவிக்கொடுத்தார்கள். பாடம் பெற்றவர்களில் 9 சதவீதத்தினரே அப்படிச் செய்தார்கள். குறிப்பிட்ட ஒரே செயலைக் கற்பித்து, அதே செயலைப் பார்த்து அளந்ததால்தான் இவ்வளவு தெளிவான விடை கிடைத்தது. இந்த விளைவு எத்தனை மாதம் நீடிக்கும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. இருந்தபோதிலும், ‘நாய்களிடம் அன்பாயிருப்பீர்களா’ என்று கேட்டு எல்லாரும் கைதூக்குவதைக் கணக்கெடுக்கும் முறையைவிட இது பல மடங்கு நேர்மையான அளவீடு.

இன்றைய காப்பகத்துக்கு

இந்த நிகழ்வை அப்படியே வேறோர் ஊருக்கு எடுத்துச் செல்ல இயலாது. பாஸ்டனில் செல்வந்தர்களின் நன்கொடை இருந்தது, காவல்துறை ஒத்துழைத்தது, தேவாலயங்களும் பள்ளிகளும் ஒரே அறநெறி மொழியில் பேசின. இவை இல்லாத இடத்தில் உறுதிமொழியும் பாடலும் வெற்றுச் சடங்காகிவிடக்கூடும். ஆனால் மூன்று கூறுகள் இடத்தையும் காலத்தையும் கடந்து பயன்படும் என்று கருதுகிறேன். பிள்ளையிடம் செயலைக் கேட்டு அதைப் பலர் முன் சொல்லவைத்த கூட்ட நிரல் முதலாவது. விலங்கை வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்காமல் பரிசுக்குரியவராக்கிய அணிவகுப்பு அடுத்தது. அறிவுரை சென்ற தெருவுக்கே சிகிச்சையும் தண்ணீரும் சென்றது மூன்றாவது.

செயலைக் கேட்கும் கல்விக்கு இன்றைய நல்ல எடுத்துக்காட்டு, மிசௌரி மாநில ஜீவகாருண்யச் சங்கம் தன் காப்பகத்தில் நடத்தும் வாசிப்புத் திட்டம். பயிற்சி பெற்ற சிறுவர்கள், பயந்து ஒதுங்கியிருக்கும் நாய்களின் அடைப்புக்கு வெளியே தரையில் அமர்ந்து, நேராக முறைத்துப் பார்க்காமல், உரக்கப் புத்தகம் வாசிக்கிறார்கள். நாய் தானாக முன்னால் வந்தால் அதற்கு ஒரு தின்பண்டம் கிடைக்கிறது. தொட வேண்டாம், கூப்பிட வேண்டாம், அது வரும்வரை காத்திரு என்பதைச் சொல்லிக் கற்பிப்பதைவிட இப்படிச் செய்யவைத்துக் கற்பிப்பது எளிது. நாய்க்கும் அதனால் நன்மை உண்டு. மனிதர் வரும்போது முன்னால் வந்து நிற்கும் நாயைத்தான் தத்தெடுக்க வருபவர்கள் கவனிக்கிறார்கள். வழக்கமான சுற்றுலாவில், ஒரு வகுப்பு முழுவதும் கூண்டுகளின் வரிசையில் கூச்சலோடு நடந்து போகும்போது, நாய்கள் குரைத்து மிரள்வதும் பிள்ளைகள் கம்பிக்குள் விரல் நீட்டுவதும் நேர்கின்றன. அத்தகைய சுற்றுலாவைச் சிறு குழுக்களாகப் பிரிக்க இயலாத காப்பகம், நடத்தாமலிருப்பதே விலங்குகளுக்குச் செய்யும் உதவி.

காப்பகத்துக்கு வரும் பிள்ளைகள், யாரும் எடுத்துக்கொள்ளாத நாய்க்கு என்ன ஆகும் என்று கேட்பதுண்டு. பாஸ்டன் கழகத்தார் இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னார்கள் என்பதை அவர்களுடைய சிறப்பாகவே எண்ணுகிறேன். அந்தக் காப்பகத்தில் உண்மையில் நடப்பது எதுவோ அதை வயதுக்கேற்ற சொற்களில் சொல்லவும், விடை சொல்லும் பொறுப்பை ஆசிரியரிடம் தள்ளிவிடாமலிருக்கவும் கல்வி அலுவலருக்கு முன்கூட்டியே பயிற்சி தரப்பட வேண்டும். வீட்டில் விலங்கு அடிபடுவதைப் பற்றி ஒரு பிள்ளை வகுப்பில் வாய்திறந்தால், அந்த வீட்டில் மனிதரும் அடிபடுகிறார்களா என்ற ஐயம் எழ வேண்டும். அதைப் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே தெரிவிக்கும் முறை எழுத்தில் இருக்க வேண்டும். ஏஞ்செலின் காலத்தில் இத்தகைய ஏற்பாடு இல்லை.

அளவீட்டைப் பொறுத்தவரை, சிட்னி ஆய்வைப் போல மறைந்திருந்து கவனிக்கும் வசதி எல்லாக் காப்பகங்களுக்கும் வாய்க்காது. ஆனால் பாடம் நடந்த பள்ளிகளின் வட்டாரத்திலிருந்து அடுத்த ஓராண்டில் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் எத்தனை விலங்குகள் வந்தன, கொடுமை பற்றிய தகவல்கள் எத்தனை வந்தன, ஒப்படைக்க வந்தவர்களில் எத்தனை பேர் உதவி பெற்றுத் தங்கள் விலங்கைத் திரும்ப அழைத்துச் சென்றார்கள் என்பவற்றைப் பாடம் நடக்காத வட்டாரத்தோடு ஒப்பிடுவதற்குத் தேவையானது, சிகிச்சைப் பதிவேட்டில் முகவரிக்கு அருகே பிள்ளையின் பள்ளியின் பெயருக்கு ஒரு கட்டம்தான். கல்விப் பிரிவும் மருத்துவப் பிரிவும் அந்த ஏட்டை மாதந்தோறும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்தால், எந்தப் பள்ளிக்கு மீண்டும் போக வேண்டும், எந்தத் தெருவில் அடுத்த முகாமை நடத்த வேண்டும் என்பதை இரு பிரிவினரும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.